தேவாரத்துக்குக் கலர் எதுக்கு

இனிமேல் நாறும்பூநாதன் வீட்டில் போய்க் கார் ஓட்டுவதில்லை என்று முடிவெடுத்தேன்.

கார் என்றால் நிஜக் கார் இல்லை. எனக்கு சைக்கிள்தான் ஓட்டத் தெரியும். அதிலும் இறங்குவதற்கு ஒரு திண்டு வேண்டும். இது கம்ப்யூட்டரில் ஓடுகிற கார்.

நாறும்பூநாதன் என்னோடு பத்திர ஆபீசில் வேலை பார்த்து என்னோடு ரிட்டயர் ஆனவன். பக்கத்துத் தெரு. மகன் மெட்ராசுக்கு வேலைக்குப் போகும்போது கம்ப்யூட்டரை வீட்டில் விட்டுவிட்டுப் போனான். அதற்குள் ஒரு சிவப்புக் கார். மலைப்பாதை. வளைவு வரும், லாரி வரும், பாறை விழும். தப்பித்தால் அடுத்த மலை.

முதல் நாள் பார்த்துவிட்டு, கிறுக்குப்பய வேலை என்றேன். மறுநாள் காபி குடிக்காமல் போய் அவன் வாசலில் நின்றேன்.

ஆனால் அடுத்தவன் கார் அடுத்தவன் கார்தான்.

"எந்திரியும் வே. மோதிட்டீரு."

"மோதல. உரசல்."

"லாரி தலைகீழாக் கெடக்கு. உரசலாம்லா. தள்ளும்."

அவன் உட்கார்ந்தால் லேசில் எழுந்திருக்க மாட்டான். அவன் வீட்டுக்காரி உலகம்மாள் முறுக்குத் தட்டை வைத்துவிட்டு, என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுப் போவாள். எனக்கு வயசு அறுபது தாண்டிவிட்டது. முறைக்குக் காத்திருக்க நான் என்ன ரேஷன் கடையிலா நிற்கிறேன்? சொந்தக் கார் வாங்கியே தீருவது.

இடையில் இருந்தது கோமு. என் வீட்டுக்காரி. ரிட்டயர்மெண்ட் பணத்தை பேங்கிலிருந்து எடுக்க அவள் கையெழுத்தும் வேண்டும். வருஷா வருஷம் சித்திரையில் அவள் ஒரே பாட்டுத்தான் பாடுவாள். மேற்கு வெயில் ரூமை வேக வைக்கிறது, ஒரு ஏ.சி. போடுங்கள். நானும் வருஷா வருஷம் ஒரே பதில்தான். ஏ.சி. பேங்குக்கும் ஆஸ்பத்திரிக்கும். மனுசனுக்கு விசிறி.

இப்படிச் சொன்ன வாயால் கார் கேட்பது எப்படி? போதாக்குறைக்கு ஒரு நாள் அவளே ஆரம்பித்தாள்.

"மத்தியானம் தூங்கும்போது எதுக்கு அப்படி உதைக்கீங்க?"

"யாரு?"

"நீங்கதான். 'திருப்பு, திருப்பு'ன்னு வேற கத்துதீங்க. கட்டில் ஆடுது."

"தேரு இழுக்க மாதிரி கனவு. வாகையடி முக்குல திருப்புதோம்."

"அப்படியா. நெல்லையப்பர் தேருல பிரேக்கும் உண்டோ? காலை அந்த மிதி மிதிக்கீங்களே."

"சக்கரத்துக்குத் தடி போட்டு நிறுத்துதவன் நான்தான்," என்றேன். கோமு முறத்தைப் பக்கத்தில் இழுத்தாள். கீரை ஆய்ந்தாள். அவள் பேசினால் பயம் இல்லை. கீரை ஆய்ந்தால்தான் பயம்.

அந்தப் பயத்தில் பிறந்ததுதான் யோசனை. தேர் என்று சொல்லியாகிவிட்டது. சாமி பக்கமே போய்விடுவோம். ஒரு வாரம் கண்ணாடி முன்னால் நின்று பழகினேன். பிறகு சாப்பாட்டு நேரத்தில், ரசத்துக்கும் மோருக்கும் இடையில், சொன்னேன்.

"தேவாரம் முழுசையும் கம்ப்யூட்டர்ல ஏத்தலாம்னு இருக்கேன்."

கரண்டி அந்தரத்தில் நின்றது. என் மூச்சும்.

"ஒங்க அப்பா திருஞானசம்பந்தம்னு பேரு வச்சதுக்கு இப்பமாவது தோணிச்சே," என்றாள். "வாங்குங்க."

அவ்வளவுதான். எனக்கு மோர் இறங்கவில்லை. கால் கிலோ கத்தரிக்காய்க்கு அரைமணி நேரம் விசாரணை வைக்கிறவள். இந்த வீட்டில் ஒரே வார்த்தையில் ஒரு காரியம் முடிந்ததாகச் சரித்திரம் இல்லை. எங்கேயோ இடிக்கிறது. எங்கே என்றுதான் தெரியவில்லை.

வண்ணார்பேட்டையில் மாடியில் கடை வைத்திருக்கிற பாக்கியசீலனை முன்கூட்டியே தனியாகப் பார்த்துப் பேசினேன். கம்ப்யூட்டரைச் சாமான் சாமானாக வாங்கி மாட்டிக் கொடுக்கிறவன்.

"கார் ஓடணும். திக்காம ஓடணும். விலையும் கம்மியா இருக்கணும்."

"நாலு சாமான்ல மட்டும் கை வைக்கக் கூடாது ஐயா. கலர் மானிட்டர், கூடுதல் மெமரி, சவுண்டு கார்டு, கையில புடிச்சு ஆட்டுத ஜாய்ஸ்டிக். மிச்சத்தப் பழசுல சமாளிச்சிரலாம்."

"தேவாரத்துக்குன்னு சொல்லணும். காருன்னு மூச்சு விடப்படாது."

"நான் எதுக்கு ஐயா சொல்லப் போறேன்," என்றான். நல்ல பையன் என்று நினைத்தேன்.

வாங்கப் போகிற அன்றைக்குக் கோமு பட்டுப்புடவை கட்டிக்கொண்டு நின்றாள்.

"நீ எங்க?"

"சாமி காரியம்லா. நானும் வாரேன்."

டவுண் பஸ்ஸில் எனக்கு மட்டும் வேர்த்தது.

கடை வாசலில் 'செருப்பைக் கழற்றவும்' என்று எழுதியிருந்தது. கழற்றினோம். கண்ணாடிக் கதவைத் திறந்ததும் ஜில்லென்று அடித்தது. கோமு கண்ணை மூடி ஒரு மூச்சு இழுத்தாள். காந்திமதி அம்மன் சன்னதியில்கூட அவள் அப்படி உருகி நின்று நான் பார்த்ததில்லை.

பாக்கியசீலன் கலர் மானிட்டரைத் தூக்கி மேஜையில் வைத்தான்.

"இது எதுக்கு தம்பி?"

"கலரும்மா. எல்லாம் கலர்ல தெரியும்."

"தேவாரத்துக்குக் கலர் எதுக்கு?"

பாக்கியசீலன் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன்.

"நடராசர் படம் போடலாம்லா," என்றேன்.

"நடராசர் பூஜை ரூம்ல இருக்காரு. கறுப்பு வெள்ளை இல்லையா தம்பி?"

"இருக்கும்மா. பாதி விலைதான்."

"அதை எடுங்க. எழுத்துக் கறுப்பா இருந்தாத்தான் கண்ணுக்கு நல்லது. அடுத்து என்ன?"

சிவப்புக் கார் என் கண் முன்னால் வெளிறியது.

"சவுண்டு கார்டும்மா. ஸ்பீக்கரும்."

"சத்தத்துக்கா?"

"ஓதுவார் பாடினதப் போட்டுக் கேக்கலாம்," என்றேன் அவசரமாக.

"ரெண்டு தெரு தள்ளி ஓதுவார் தெனமும் உசுரோட பாடுதாரு. ஒரு நாள் போய்க் கேட்டிருக்கீங்களா? வேண்டாம் தம்பி."

இன்ஜின் சத்தம் போயிற்று.

"மெமரி கூடப் போட்டா..."

"இவுகளுக்கா? இவுகளுக்குத்தான் போடணும். நேத்து அரிசி வாங்கப் போயிட்டு வெறும் பையோட வந்தாக. கம்ப்யூட்டருக்கு இருக்கது போதும்."

கடையில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். நான் ஜாய்ஸ்டிக்கை மட்டுமாவது காப்பாற்றிவிடலாம் என்று கையில் எடுத்துக்கொண்டேன்.

"அது என்ன குச்சி?"

என்ன சொல்வது? யோசித்துப் பாருங்கள். உங்களுக்கும் வராது.

"பக்கம் புரட்டுத குச்சி," என்றேன்.

"எச்சில் தொட்டுப் புரட்டுத ஆளு நீங்க. கீழ வைங்க."

வைத்தேன்.

"ஆமா தம்பி, எதுக்கு இங்கன செருப்பக் கழத்தச் சொல்லுதீங்க? எதுக்கு இவ்வளவு குளிர வச்சிருக்கீங்க?"

"தூசி ஆகாதும்மா. சூடும் ஆகாது. மெஷின் படுத்திரும்."

"எங்க ரூம் மேக்கால பாத்தது. சாயங்காலம் செவுத்துல அப்பளம் சுடலாம்."

"அங்கன வச்சா ஒரு கோடைக்குத் தாங்காதும்மா," என்றான் பாக்கியசீலன். சட்டென்று சொன்னான். ஒப்பித்த மாதிரி இருந்தது. "ஏ.சி. போட்டாத்தான் சரி. ஒரு ஆபீஸ்ல கழிச்ச ஏ.சி. கைவசம் இருக்கு. கலரு, சவுண்டு, மெமரின்னு மிச்சம் புடிச்சதுலயே வந்திரும்."

"மிச்சம் புடிச்சதுலயா?" என்று கோமு ஆச்சரியப்பட்டாள். அந்த ஆச்சரியத்தைப் பார்த்துத்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. பிறகு என் பக்கம் திரும்பினாள். "எனக்கு ஒண்ணும் வேண்டாம். விசிறி போதும். ஆனா உள்ள சம்பந்தரு, அப்பரு, சுந்தரரு மூணு பேரு இருக்கப் போறாங்க. அவுகள வேக வைக்கவா?"

வேக வை என்று எந்த சைவன் சொல்லுவான்?

இரண்டு சாமானும் சேர்ந்தே வந்து இறங்கின. தச்சர் பூதத்தான் ஜன்னலில் ஏ.சி.யைத் தள்ளினார். வெண்ணெயில் கத்தி போன மாதிரிப் போய் உட்கார்ந்தது. இழைக்கவில்லை, செதுக்கவில்லை.

"எப்படி வே இவ்வளவு கச்சிதமா?"

"சட்டத்தை முன்னமேயே அறுத்து வச்சாச்சுல்லா அண்ணாச்சி. அம்மா போன மாசமே அளவு எடுக்கச் சொல்லிட்டாக."

போன மாசம். போன மாசம் நான் இன்னும் பொய்யே சொல்லியிருக்கவில்லை.

கோமுவைக் கேட்கலாமா என்று பார்த்தேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கேட்கவில்லை.

செய்தி ரதவீதி நாலும் பரவியது. திருஞானசம்பந்தம் தேவாரம் ஏற்றுகிறார். பார்க்க வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, காலைக் கழுவிவிட்டு, ஏ.சி.யில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டு, என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். நான் ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருந்தேன். ஒரு பதிகம் முடிவதற்குள் விரல் வீங்கியது. பக்கத்தில் கோமு கட்டிலில், கழுத்து வரை போர்வை. அக்னி நட்சத்திரத்தில்.

ஆனாலும் விடுவேனா? நாறும்பூநாதனிடம் கெஞ்சிக் காரைப் பிளாப்பியில் வாங்கி வந்தேன். யாரிடமும் சொல்லக் கூடாது என்று அவனிடம் சத்தியமும் வாங்கினேன். "நான் எதுக்கு வே சொல்லப் போறேன்," என்றான். பின்கட்டில் உலகம்மாள் கோமுவோடு சாயங்காலம் கோயிலுக்குப் போகத் தலை சீவிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மத்தியானம். கோமு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். சீரான மூச்சு. பிளாப்பியைப் போட்டேன். நெஞ்சு ஏ.சி.யை விடச் சத்தமாக அடித்தது.

கார் வந்தது. சாம்பல் கலர். ரோடும் சாம்பல். லாரியும் சாம்பல். பாறை எது, மலை எது என்று மோதின பிறகுதான் தெரியும். சத்தம் கிடையாது. மெமரி பத்தாமல் விக்கி விக்கி ஓடியது, நாறும்பூநாதன் மூச்சு வாங்கிக்கொண்டு மாடி ஏறுகிற மாதிரி. இருந்தாலும் என் கார். யாரும் எழுந்திரு என்று சொல்ல முடியாது. ஒரு மலையைத் தாண்டினேன். இரண்டாவது மலை. உடம்பு தானாகச் சாய்ந்தது.

போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"தேவாரம் எந்த ஊருல நிக்கி?"

பட்டனிலிருந்து விரலை எடுத்தேன். ஆனால் அவள் திரும்பவில்லை. முகம் சுவர்ப்பக்கம்தான். தப்பித்தேன்.

"குற்றாலம் வந்தாச்சு," என்றேன், அமைதியாக.

போர்வையை இன்னும் கொஞ்சம் இழுத்து மூடிக்கொண்டாள்.

"வளைவுல பைய போங்க."