தங்கையின் குரலும் ஒரே டிஸ்க்கில் மூன்று கம்ப்யூட்டரும்

திருப்பூரில் இருக்கும் அன்புள்ள மாப்பிள்ளை மோகனசுந்தரம் அவர்களுக்கு, கோவிந்தாபுரம் செங்கோட்டையன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை.

ஜீவிதாவின் வருஷத் திதிக்கு அவள் பேசுகிற வீடியோ வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். என் தங்கை கேமராவைக் கண்டாலே முந்தானையால் முகத்தை மூடுகிறவள். உங்கள் வீட்டுப் புதுமனை புகுவிழாவில் மட்டும், என்னைத் திட்டுகிற சாக்கில், வாய்விட்டுப் பேசினாள். அது என் ஸ்டூடியோவில்தான் இருந்தது.

ஸ்டூடியோவில் மூன்று கம்ப்யூட்டரையும் ஒரே டிஸ்க் பெட்டியில் மாட்டியிருக்கிறோம், ஒரு கல்யாணத்தை மூன்று பேர் உட்கார்ந்து வெட்டி ஒட்டலாமே என்று, ஆனால் வேலை நடக்கும்போதே டிஸ்க் காணாமல் போய்விடும், தாலியைப் பிடித்த மாப்பிள்ளை பிடித்தபடியே நிற்பார், நான் கரண்ட்டைத் திட்டினேன், கேபிளை மாற்றினேன், எலக்ட்ரீஷியன் குப்பண்ணன் வந்து பெட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு "திருஷ்டிங்க" என்று எலுமிச்சம்பழம் கட்டினார், மறுநாள் அந்தப் பழத்தோடு சேர்ந்து டிஸ்க் நின்றது.

கடைசியில் என் மகள் யோகப்பிரியாதான் கண்டுபிடித்தாள். "அப்பா, ஒண்ண ஆன் பண்ணுனா மத்த ரெண்டும் நின்னுருதுங்க." ஒரு கம்ப்யூட்டர் எழுந்திருக்கும்போது டிஸ்க்குக்குப் போகிற பாதை முழுவதையும் ரீசெட் செய்கிறதாம்; மற்ற இரண்டும் எழுதிக்கொண்டிருந்ததைப் பாதியில் கைவிட வேண்டியதுதான். தொடங்கும்போது ரீசெட் வேண்டாம் என்று செட்டிங்கை மாற்றினாள். இப்போது ஒழுங்காக ஓடுகிறது.

ஆனால் அதற்கு முன்பே நடந்துவிட்டது, மாப்பிள்ளை. ஜீவிதாவின் வீடியோவைத் தெளிவாக்கி, பழையதன் மேலேயே சேமித்துக்கொண்டிருந்தாள் யோகப்பிரியா. அந்த நேரம் பார்த்து என் மனைவி ஆனந்தி, ஏதோ போட்டோ பார்க்கலாம் என்று, பக்கத்துக் கம்ப்யூட்டரை ஆன் செய்தாள். இப்போது ஜீவிதா சமையலறையிலிருந்து வருகிறாள், "ஏனுங்ணா" என்கிறாள், அவ்வளவுதான். வாய் திறந்தபடியே நிற்கிறது. நான் இரண்டு முறை கேட்டேன். மூன்றாவது முறை முடியவில்லை.

தன்னால்தான் போனது என்று ஆனந்திக்குத் தெரியாது. நாத்தனார் போனதிலிருந்தே அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை. கேட்டால், டிஸ்க் பழசு என்றே சொல்லுங்கள். அந்த ஒற்றைச் சொல்லைக் கேட்க நீங்கள் இவ்வளவு தூரம் வர வேண்டாம்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். அவள் இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பாள்.

உங்கள் நலம் விரும்பும் மச்சான்,
செங்கோட்டையன்

பின்குறிப்பு: உறை எடுக்க உள்ளே போன நேரத்தில் ஆனந்தி இதைப் படித்துவிட்டாள். நான் திருடனைப் போல நின்றேன். "எனக்கு அன்னைக்கே தெரியுமுங்க, உங்க மூஞ்சியே சொல்லிருச்சு" என்றாள். பிறகு தன் போனை நீட்டினாள். ஜீவிதா தினமும் இவளுக்குப் பேசி அனுப்பியதெல்லாம் வாட்ஸ்அப்பில் அப்படியே இருக்கிறது. "தனியாக் கேக்கத் தெம்பில்லீங்க, அதான் சொல்லாம வெச்சிருந்தேன். அண்ணனை வரச் சொல்லுங்க." முக்கால்வாசி உங்களையும் என்னையும் திட்டியதுதானாம். வர வேண்டாம் என்று எழுதியதை அடித்துவிடுங்கள். வாங்க, மாப்பிள்ளை.