கேலியில் கைமாறிய மைக்

நானே என் வீட்டுத் தலைவன் என்று அந்தச் சனிக்கிழமை நிரூபித்தே தீருவதாகச் சபதம் எடுத்தேன். வீட்டில் அல்ல, அவ்வளவு தைரியம் எனக்கில்லை. ஊர் மன்றத்தில்.

எங்கள் அயர்லாந்தில் ஊர்கூடி ஆடும் நடனத்துக்குக் 'கேலி' என்று பெயர். என்னை நினைத்துத்தான் வைத்திருக்கிறார்கள். மைக் பிடித்து அதை நடத்துபவர் 'ஃபார் அன் டீ'. அப்படியென்றால் வீட்டு எஜமான்! அவர் 'இஷ்டாக்' என்றால் எல்லோரும் வட்டத்துக்குள் போகணும். 'அமாக்' என்றால் வெளியே வரணும், 'டிம்பல்' என்றால் சுற்றணும், 'ஸ்டாட்' என்றால் நிற்கணும். வழக்கமானவருக்குத் தொண்டை கட்டிக்கொள்ள, பதவி என்னைத் தேடி வந்தது.

"நீங்களா? நீங்க சொன்னா நம்ம கோழியே கூண்டுக்குள்ள போகாதே!" என்றாள் என் மனைவி டெர்வ்லா.

"கோழி என்னடி கோழி! நீயே போவே, பாரு."

"கடைசி ஆட்டம் முடியிறவரைக்கும் மைக் கைமாறாம இருந்தா, ஞாயித்துக்கிழமை ஹர்லிங் மேட்ச்சுக்குப் போய்க்கோங்க. மாறிச்சுன்னா கோழிக்கூண்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கணும். சம்மதமா?"

"சம்மதம்!"

அடடா, என்ன சாயங்காலம் அது! "இஷ்டாக்!" என்றேன். போனாள். "அமாக்!" வந்தாள். "டிம்பல்!" சுற்றினாள் ஐயா, எதிர்ப்பேச்சே இல்லாமல் சுற்றினாள்! ஆசைக்கு இன்னொரு தடவையும் சுற்றவிட்டேன். நாளைய மேட்ச்சை அப்போதே பார்த்துவிட்ட மாதிரி இருந்தது.

மூச்சு வாங்க மேடையோரம் வந்தாள். "ராஜா மாதிரி நடத்துறீங்க. ஒரு 'ரௌ ன மான்' சொல்லுங்களேன், பொம்பளைங்க ஆசைப்படுறாங்க."

ஜோடியைப் பெண்களே தேர்ந்தெடுக்கும் ஆட்டம் அது. கூப்பிட்டால் எந்த ஆம்பளையும் மறுக்கக் கூடாது, ஊர் வழக்கம். 'ராஜா' தலைக்கேறியிருந்தது. முழங்கிவிட்டேன்.

பக்கத்து வீட்டு ஹனோரா, மேடைக்கே ஏறி என் மணிக்கட்டைப் பிடித்தாள். "வாங்க மர்ட்டி!"

"ஐயோ, மைக்?"

"யாராச்சும் பிடிச்சுத்தானே ஆகணும்?" என்று டெர்வ்லா வாங்கிக்கொண்டாள். "டிம்பல்!"

சுற்றினேன். கடைசி ஆட்டத்தையும் அவள்தான் நடத்தினாள்.

ஞாயிறு. ஊரே மேட்ச்சுக்குப் போயிருந்தது. நான் சுண்ணாம்பு வாளியோடு கோழிக்கூண்டில். சமையலறை ஜன்னலிலிருந்து குரல் வந்தது: "இஷ்டாக்! அந்த மூலையை விட்டுட்டீங்க. அமாக்! இன்னும் கொஞ்சம் டிம்பல்!"

ஆட்ட வார்த்தை எல்லாமே அவளுக்கு அத்துப்படி. 'ஸ்டாட்' ஒன்றுதான் இன்னும் வாயில் வரவில்லை.