போன வாரம் எடுத்த பேக்கப்

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் சரித்திரப் புகழ் வாய்ந்த ஒரு முடிவுக்கு வந்தார். வீட்டு ஹாலில் இனி ஒன்று அவர் இருக்க வேண்டும், இல்லை மனைவியின் கீபோர்டு இருக்க வேண்டும். இதை மனைவியிடம் நேரிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் அவருக்கு இன்னும் கொஞ்ச காலம் உயிரோடு இருக்க ஆசை இருந்தது.

ஃப்ரிட்ஜ் கம்பெனி ஒன்றில் புகார்ப் பிரிவு அதிகாரி அவர். "கூலிங் இல்லை", "தண்ணி ஒழுகுது" என்று பகலெல்லாம் ஊரே அவர் காதில் கத்தும். சாயங்காலம் சோபாவில் சாய்ந்து, டி.வி.யில் யாரோ யாரையோ திட்டுவதைக் கேட்டால்தான் அவருக்கு மனசு ஆறும். சரியாக அந்த நேரத்துக்கு மூன்றாவது மாடி அக்கா பாட வந்துவிடுவாள். மனைவி கீபோர்டு வாசிப்பாள். குடியிருப்பு ஆண்டு விழாவுக்கு ஒத்திகையாம். அக்கா உச்ச ஸ்தாயிக்குப் போனால் ஷோகேஸில் இருக்கும் கண்ணாடி டம்ளர்கள் நடுங்கும். அவரும் நடுங்குவார். டம்ளருக்காவது அலமாரிக் கதவு இருந்தது.

கீபோர்டோடு வந்த கையேட்டை ஆபீசுக்குக் கொண்டுபோய் ஒரு வாரம் படித்தார். கல்லூரியில் அப்படிப் படித்திருந்தால் புகார்ப் பிரிவுக்கே வந்திருக்க மாட்டார். திட்டம் தயாரானது. பாட்டுக்குப் பாட்டு மனைவி சேமித்து வைத்திருக்கும் டோன், ரிதம், சுருதி எல்லாவற்றையும் முதலில் பென் டிரைவில் பத்திரப்படுத்த வேண்டும். பிறகு கீபோர்டை ரீசெட் செய்து சுத்தமாகத் துடைத்துவிட வேண்டும். அவள் அழுவாள். இவர் கதாநாயகன் போல வந்து எல்லாவற்றையும் மீட்டுக் கொடுப்பார். கைம்மாறாக, ஹாலில் ஒத்திகை கூடாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெண்கள் இருவரும் விழாவுக்குப் புடவை எடுக்கக் கடைக்குப் போன நேரத்தில் காரியம் முடிந்தது. 'எல்லாவற்றையும் அழிக்கவா?' என்று கீபோர்டு மரியாதையாகக் கேட்டது. அந்த வீட்டில் அவரிடம் அனுமதி கேட்ட முதல் பொருள் அதுதான்.

சாயங்காலம் அலறல் கேட்டது.

"ஏங்க! இங்க வாங்களேன்! எல்லாம் போச்சு!"

"எதும்மா போச்சு?"

"நான் வச்ச செட்டிங்ஸ் ஒண்ணு பாக்கியில்லை. எந்த பட்டனை அமுக்கினாலும் பியானோதான் வருது!"

"மெஷின்னா அப்படித்தாம்மா. திடீர்னு எல்லாத்தையும் மறந்துடும்."

"சனிக்கிழமை விழா, தம்பி," என்றாள் அக்கா. "நான் எப்படிப் பாடறது?"

பாடாமலே இருக்கலாமே என்பது நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டார்.

"கவலையே படாதீங்க. இப்படி ஏதாவது ஆகும்னுதான் போன வாரமே பேக்கப் எடுத்து வச்சேன்."

"போன வாரமேவா?"

"முன்யோசனைன்னு ஒண்ணு இருக்குல்ல? ஆனா ஒரு கண்டிஷன். இனிமே ஹால்ல ப்ராக்டிஸ் கூடாது."

"சரிங்க," என்றாள் மனைவி. இவ்வளவு சீக்கிரம் அவள் சரி சொல்லி அவர் கேட்டதே இல்லை. "அக்கா வீட்டுல வச்சுக்கறோம். முதல்ல கொண்டு வாங்க."

பென் டிரைவைச் செருகினார். எல்லாம் வந்தது. மனைவி ஒவ்வொரு பட்டனாக அமுக்கிப் பார்த்தாள். கடைசிப் பட்டனில் புல்லாங்குழல் வந்தது. மறுபடியும் அமுக்கினாள். அவரைப் பார்த்துச் சிரித்தாள். அவர் அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டார்.

மறுநாள் சாயங்காலம் ஹாலில் அப்படி ஒரு அமைதி. காலை நீட்டி, ரிமோட்டைக் கையில் எடுத்தார். மனைவி எதிரே வந்து நின்றாள்.

"எழுந்திருங்க. கீபோர்டைத் தூக்குங்க."

"நானா? எங்க?"

"அக்கா வீட்டுக்கு. மூணு மாடி. லிஃப்ட் வேற இல்லை. ப்ராக்டிஸ் முடியற வரைக்கும் பக்கத்துலயே உக்காந்திருங்க. இது திடீர்னு மறக்குற மெஷின்னு நீங்கதானே சொன்னீங்க? மறந்தா கொண்டு வர வேற யாருக்குத் தெரியும்?"

"சனிக்கிழமை வரைக்குமா?"

"விழா முடிஞ்சதும் இன்னும் ரெண்டு இடத்துல கூப்பிட்டிருக்காங்க. அங்கயும் நீங்கதான்."

"ஏம்மா, அது இனிமே மறக்கவே மறக்காது!"

"அவ்வளவு உறுதியா எப்படிங்க சொல்றீங்க?"

அவர் கீபோர்டைத் தூக்கினார்.

இரண்டாவது மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்க நின்றார். பென் டிரைவை மட்டும் தூக்கிக்கொண்டு பின்னால் வந்த மனைவி ஆதரவாகச் சொன்னாள்:

"மெதுவா ஏறுங்க, சுவத்துல இடிச்சுடப் போறீங்க. ஆனா உங்க பேக்கப் ரொம்ப உசத்திங்க. போன வாரமே எடுத்தீங்க, அதுல நேத்து காலையில நான் புதுசா வச்ச புல்லாங்குழல்கூட வந்துடுச்சு."