ஏரி மேல் எழுந்த புறநகர்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து வடகோடியில் இருக்கும் எங்கள் மாவட்டம் நாளுக்கு நாள் வளர்ந்து வருகிறது என்பது மாவட்ட ஆட்சிக் குழுவின் நெடுநாள் நம்பிக்கை. எந்தத் திசையில் வளர்கிறது என்பதுதான் தெரியவில்லை. அதைக் கண்டறியச் செயற்கைக்கோள் படம் வாங்குவதென ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். கோடைப் படம் விலை அதிகம். ஜனவரிப் படம் பாதி விலை. மக்கள் வரிப்பணத்தில் அக்கறை உள்ளவர்களாதலால் ஜனவரிப் படத்தையே வாங்கினார்கள்.

ஜனவரியில் எங்கள் கூரை, தெரு, வயல் எல்லாம் ஒரே வெள்ளை. படத்தில் ஊரையே காணோம். ஆனால் காற்று பனியைத் தங்கவிடாத ஹால்வர் ஏரியின் நடுவில் நானூற்றுப் பன்னிரண்டு கட்டடங்கள் பளிச்சென்று தெரிந்தன. உறைந்த ஏரியில் துளை போட்டு மீன் பிடிக்க நாங்கள் இழுத்துப்போய் நிறுத்தும் மரக்குடில்கள்தான் அவை. ஆட்சிக் குழுவில் ஐந்து பேர்; ஐவருக்குமே அங்கே குடில் உண்டு. ஆனாலும் சொந்த முறையில் தெரிந்ததை அலுவல் விஷயத்தில் நுழைக்கலாமா? "மாவட்டத்தின் அதிவேகப் புறநகர்" என்று பதிவுசெய்து, எங்கள் மேட்டுச் சாலையில் பனி அள்ளும் வண்டியை ஏரிக்கு மாற்றிவிட்டார்கள்.

என் பக்கத்துப் பண்ணைக்காரர் வெர்லின் ஹாஜனுக்கு இருபத்தெட்டுப் பசுக்கள். சாலையில் இடுப்பளவு பனி. பால் லாரி வரவில்லை. மூன்று நாள் பாலைக் கீழே கொட்டினார். நான்காம் நாள் என்னையும் கூட்டிக்கொண்டு அலுவலகம் போனார். வளர்ச்சிக் கண்காணிப்பு அதிகாரி ஆர்டிஸ் படத்தை விரித்தாள்.

"உங்க வீடு எங்கன்னு காட்டுங்க வெர்லின்."

"இதோ, இந்த வெள்ளையில."

"வெள்ளையில ஒண்ணும் இல்லையே."

"ஏம்மா, போன வாரம் எங்க வீட்ல உக்காந்து நீ காப்பி குடிக்கல?"

"குடிச்சேன். ஆனா மேலேர்ந்து பாத்தா தெரியலையே."

"ஏரியில ஒருத்தரும் குடியில்லம்மா! உன் வீட்டுக்காரன் குடிலே அங்கதான இருக்கு?"

"அவர் வெள்ளிக்கிழமை போனா திங்கக்கிழமைதான் வர்றார். அதுக்குப் பேரு குடியிருப்பு இல்லாம என்ன?"

"பால் வீணாப்போகுதும்மா."

"சாலை இருக்கிற இடத்துக்குத்தான் லாரி வரும். மாட்டை அங்க ஓட்டுங்க."

ஓட்டினார். பண்ணைக்குப் பின்னால் இறங்கினால் ஏரிதான். பனிக்கட்டி மேல் வைக்கோலைப் பரப்பி, பசுக்களை நிறுத்தினார். லாரி வந்தது.

அடுத்து வாங்கிய பிப்ரவரிப் படத்தில் இருபத்தெட்டுக் கரும்புள்ளிகள் கூடுதலாக விழுந்திருந்தன. ஒரே மாதத்தில் இருபத்தெட்டுப் புதுக் குடும்பங்கள்! ஆட்சிக் குழு பூரித்துப்போய் அங்கே பேருந்து நிறுத்தம் அமைத்தது. பசுக்கள் அதில் முதுகு சொறிந்துகொண்டன.

மார்ச் கடைசியில் பனிக்கட்டி இளகத் தொடங்கியது. குடில்களை இழுத்து வந்தோம். பசுக்கள் கொட்டகைக்குத் திரும்பின. மேட்டுச் சாலை தானாகவே திறந்துகொண்டது. ஏப்ரல் படத்தில் ஏரி வெறும் தண்ணீராக இருந்தது.

ஆட்சிக் குழுவினர் எழுந்து நின்று இரண்டு நிமிடம் மௌனம் காத்தனர். மூழ்கிய நானூற்று நாற்பது குடும்பங்களுக்கும் ஏரிக்கரையில் மாற்று மனை வழங்க ஆணை பிறந்தது. காணாமற்போனவர்கள் அடையாள அட்டையுடன் நேரில் வந்து விண்ணப்பிக்க வேண்டும்.

மறுநாள் காலை ஊரே வரிசையில் நின்றது. முதல் ஆள் ஆர்டிஸின் வீட்டுக்காரர். இரண்டாவது வெர்லின்.

"என்ன வெர்லின், ஏரியில ஒருத்தரும் குடியில்லன்னு அந்தக் கத்து கத்துனீங்க?" என்றாள் ஆர்டிஸ்.

"அது உசுரோட இருந்தப்ப சொன்னதும்மா. இப்ப இருபத்தெட்டுப் படிவம் குடு."

எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டேன். அடுத்தது நான்; மூழ்கிப்போனவன் சிரித்தால் மனை கிடைக்காது.