சின்ன ரூம் எந்தப் பிரிவு?

அந்தச் சின்ன ரூமை வெள்ளிக்கிழமைக்குள் கைப்பற்றியே தீருவது என்று, செவ்வாய்க்கிழமை காலை பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது மெனு முடிவு செய்தார்.

மெனு என்பது ஆபீசில் வைத்த பெயர். ஆன்லைன் கடைகளுக்கு மெனு போடுவதுதான் அவருக்குச் சோறு போடும் தொழில். போனில் ஒரு கடையைத் திறந்ததும் 'ஆடை', 'பாத்திரம்', 'விளக்கு' என்று வரிசையாக வந்து நிற்கிறதே, அதை அடுக்குகிறவர் இவர். செருப்பு என்று தொட்டதும் நிறம் என்ன, அளவு என்ன, குதிகால் உயரம் என்ன என்று கேட்டுக் கேட்டு, ஆயிரம் செருப்பை நாலு செருப்பாகச் சலித்துக் கொடுக்கிறதே, அந்தச் சல்லடையைப் பின்னுகிறவரும் இவரே. உலகத்தில் எந்தப் பொருள் எந்தப் பிரிவில் இருக்க வேண்டும் என்பது அவருக்கு அத்துப்படி. தன்னுடைய பனியன் தன்னுடைய வீட்டில் எங்கே இருக்கிறது என்பது மட்டும் தெரியாது. அதற்கு மனைவியைத்தான் கேட்க வேண்டும்.

சின்ன ரூமுக்கு இப்போது என்ன அவசரம் என்றால், ஆபீஸ் தன் பாதி மாடியைக் காலி செய்கிறது. வீட்டில் கதவு சாத்தக்கூடிய தனி அறை உள்ளவர்கள் திங்கட்கிழமை முதல் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம். வெள்ளிக்கிழமைக்குள் பெயர் கொடுக்க வேண்டும். தனி அறை இல்லாதவர்கள் மீதிப் பாதி மாடியில் உட்கார வேண்டும். மீதிப் பாதியில் மேலாளர் இருக்கிறார்.

மேலாளர் கெட்டவர் இல்லை. ஆனால் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று, திரையில் இருப்பதை எழுத்துக்கூட்டி வாசிப்பார். "நீ...ல...ம். இங்க ஏன் நீலம்?" என்பார். பச்சையாக மாற்றினால், "பச்சை ஏன்?" என்பார். பழையபடி நீலத்துக்குப் போனால், "இப்ப சரி" என்பார். இப்படி ஒன்பது வருடம். மெனுவுக்கு இப்போதெல்லாம் வீட்டில் மின்விசிறி சுற்றினால்கூட முதுகு கூசியது.

வீட்டில் கதவு சாத்தக்கூடிய அறை ஒன்றே ஒன்றுதான் மிச்சம். அதில் எட்டு வருடமாக மனைவியின் தையல் மெஷின் குடியிருந்தது. மெஷின், வெட்டுகிற மேஜை, ஆளுயரக் கண்ணாடி, நூல்கண்டு அடுக்கிய பலகை, அளவெடுக்க வருகிற பெண்களுக்கு ஒரு முக்காலி. காலை முதல் சாயங்காலம் வரை யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். அவர்களுக்கெல்லாம் அவள் தையலக்கா.

நேராகக் கேட்டால் நடக்காது என்று மெனுவுக்குத் தெரியும். அதனால் தொழிலைக் கையில் எடுத்தார்.

அவருடைய தொழிலில் அட்டைச் சோதனை என்று ஒன்று உண்டு. பொருள்களின் பெயரைத் தனித்தனி அட்டைகளில் எழுதி, சாதாரண ஜனங்கள் கையில் கொடுத்து, எதை எந்தப் பெட்டியில் போடுவீர்கள் என்று கேட்பது. நிறையப் பேர் எதில் போடுகிறார்களோ அதுதான் அந்தப் பொருளின் இடம். அதில் ஒரு சின்னக் களவாணித்தனமும் உண்டு. பெட்டியின் மேல் உள்ள சொல்லே அட்டையிலும் இருந்தால், ஜனங்கள் யோசிக்காமல் அதில் போட்டுவிடுவார்கள். யோக்கியமான மெனுக்காரன் அப்படி எழுத மாட்டான். நம்முடைய மெனு யோக்கியர்தான். ஆனால் அன்றைக்கு அவருக்கு ரூம் வேண்டியிருந்தது.

நாலு பெட்டிகள் செய்தார். சமையல், படுக்கை, துணிமணி, வேலை. வீட்டுச் சாமான்களுக்கு அறுபது அட்டைகள். அதில் மனைவியின் சாமான்களை இப்படி எழுதினார்: 'துணி தைக்கும் மெஷின்', 'துணி வெட்டும் மேஜை', 'துணி அளக்கும் டேப்'. தன்னுடையதை இப்படி எழுதினார்: 'வேலைக்கான கம்ப்யூட்டர்', 'வேலைக்கான நாற்காலி', 'வேலைக்கான மேஜை'. எழுதிவிட்டு ஒருமுறை வாசித்துப் பார்த்தார். தன் மேல் தனக்கே பிரியமாக இருந்தது.

சாயங்காலம் மனைவி மெஷினில் உட்கார்ந்து ஒரு பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தபோது அட்டைக்கட்டோடு போய் நின்றார்.

"ஆபீஸ் வேலை ஒண்ணு. நீ கொஞ்சம் உதவி பண்ணணும்."

"பட்டன் போச்சா?"

"பட்டன் இல்லம்மா. புதுசா ஒரு கடைக்கு மெனு போடுறோம். வீட்டுச் சாமான் கடை. அதுக்கு ஒரு வீட்டுல சோதனை பண்ணிப் பார்க்கச் சொல்லி மேலாளர் கேட்டிருக்கார். நாளன்னிக்கு நான் கொண்டுபோய்க் கொடுக்கணும்."

"நம்ம வீட்டுலயா?"

"ஆமா. அப்படியே நமக்கும் ஒரு நல்லது. எந்தப் பொருள் எந்தப் பெட்டியில விழுதோ அதை அந்த ரூம்ல வச்சிடலாம். சமையல்னா அடுப்படி. படுக்கையும் துணிமணியும் பெட்ரூம். வேலைன்னா இந்தச் சின்ன ரூம். வீடே ஒழுங்காயிடும்."

மெஷின் நின்றது. மனைவி அட்டைகளை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவள் முகத்தில் என்றைக்குமே ஒன்றும் தெரியாது என்பதால் மெனு கவலைப்படவில்லை.

"நான் ஒருத்தி அடுக்கினா போதுமா?"

நல்லபடியாகத் தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம். தொழில் கர்வம் விடவில்லை.

"அதெப்படி? குறைஞ்சது அஞ்சு பேர் வேணும். நம்ம ரெண்டு பேருமே ஒரு வார்த்தை சொல்லித்தரக் கூடாது. அட்டையை வாய்விட்டுப் படிச்சிட்டு, மனசுல என்ன தோணுதோ அதுல போடணும். அவ்வளவுதான்."

"நாளைக்கு அளவு கொடுக்க அஞ்சு பேர் வராங்க. அவங்ககிட்டயே கொடுத்துடட்டுமா?"

"பிரமாதம்."

"முடிவு உங்களுக்குப் பிடிக்கலைன்னா?"

"எனக்குப் பிடிக்குதா, உனக்குப் பிடிக்குதாங்கிற பேச்சே கிடையாது. தேடி வர்றவங்க என்ன சொல்றாங்களோ அதுதான் சட்டம். நாம வாயைத் திறக்கக் கூடாது."

"அப்ப அதை எழுதிக் கொடுத்துடுங்களேன். நாளைக்கு நான்தான் ஏதாவது சண்டை போட்டுடுவேன்."

மெனு மகிழ்ச்சியோடு எழுதிக் கையெழுத்துப் போட்டார். தேதியும் போட்டார். அவள் அதை ஊசி குத்தி வைக்கிற குஷனுக்கு அடியில் பத்திரமாக வைத்தாள்.

புதன்கிழமை முழுக்க ஆபீசில் அவருக்கு வேலை ஓடவில்லை. ஜன்னலுக்கு எந்த நிறத்தில் திரை போடலாம் என்று கம்ப்யூட்டரில் தேடிக்கொண்டிருந்தார். மேலாளர் பின்னால் வந்து, "தி...ரை. ஏன் திரை?" என்று வாசித்தபோதுகூடக் கோபம் வரவில்லை. இன்னும் மூன்று நாள் என்று நினைத்துக்கொண்டார்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் நாலு பெட்டிகளும் கூடத்து மேஜையில் வரிசையாக இருந்தன. மனைவி ஒரு நோட்டில் கோடு போட்டு எண்ணிக்கையும் எழுதி வைத்திருந்தாள்.

"அஞ்சு பேரும் பண்ணிட்டாங்களா?"

"பண்ணிட்டாங்க. டீச்சர், நர்ஸ், மருந்துக்கடைக்காரம்மா, பஸ் கண்டக்டர், எதிர் வீட்டுப் புதுப்பொண்ணு. டீச்சர் மார்க் உண்டான்னு கேட்டாங்க."

மெனு நோட்டை வாங்கினார். தையல் மெஷின்: வேலை, ஐந்துக்கு ஐந்து. வெட்டும் மேஜை: வேலை, ஐந்துக்கு ஐந்து. கண் கீழே ஓடியது. கம்ப்யூட்டர்: படுக்கை, ஐந்துக்கு ஐந்து. நாற்காலி: துணிமணி, ஐந்துக்கு ஐந்து. அவருடைய மேஜை சமையல் பெட்டியில் கிடந்தது.

பதறிப்போய்ப் பெட்டிக்குள் கையை விட்டு அட்டைகளை எடுத்தார். அட்டைகள் புதியவை. எழுத்து மனைவியுடையது.

"அட்டையை மாத்திட்டியா?"

"மாத்தலைங்க. உங்க எழுத்து யாருக்கும் விளங்கல. முதல்ல வந்த டீச்சரே தலைகீழாப் பிடிச்சுப் படிச்சுப் பார்த்தாங்க. அதான் எல்லாத்தையும் திருப்பி எழுதினேன்."

"திருப்பி எழுதினா வார்த்தையுமா மாறும்?"

"நீங்க சுருக்கமா எழுதியிருந்தீங்க. நான் கொஞ்சம் விவரமா எழுதினேன். அதுல எது பொய்னு சொல்லுங்க, அடிச்சிடறேன்."

மெனு ஒவ்வொன்றாகப் படித்தார்.

'காலையிலிருந்து சாயங்காலம் வரை வேலை செய்யும் மெஷின்.'

'வேலை முடியும்வரை குனிந்து நிற்கும் மேஜை.'

'மடியில் வைத்தபடியே படுக்கையில் தூங்கிப்போகும் கம்ப்யூட்டர்.'

'குளித்த துண்டும் நேற்றைய துணிமணியும் தொங்கும் நாற்காலி.'

'சமையல் ருசி பார்க்கத் தட்டு வைக்கும் மேஜை.'

நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார். அதில் துண்டு தொங்கியது. துண்டுக்கு அடியில் நேற்றைய சட்டை. அதற்கும் அடியில், மூன்று நாளாக அவர் தேடிக்கொண்டிருந்த பனியன்.

மெஷினைப் பற்றிய அட்டையைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். எட்டு வருடமாக அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தூங்கி எழுந்திருக்கிறார். அதை வேலை என்று தன் வாயால் ஒருநாளும் சொன்னதில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் அரை நிமிஷம் இருந்தது. அப்புறம் மேலாளர் ஞாபகம் வந்துவிட்டது.

"அஞ்சு பேரும் உன்கிட்டத் துணி தைக்க வர்றவங்க. உன் பக்கம்தான் பேசுவாங்க. நானும் இந்த வீட்டுல தேடுற ஆள்தானே? என் ஓட்டையும் சேர்க்கணும்."

"தாராளமா. உட்காருங்க."

அறுபது அட்டைகளையும் கலைத்துப் போட்டுக் கொடுத்தாள். மெனு பிடிவாதத்தோடு உட்கார்ந்தார். முதலில் வந்தது கரண்டி. சமையலில் போட்டார். தலையணை, படுக்கை. ஹேங்கர், துணிமணி. கை வேகம் பிடித்தது. ஒன்பது வருடம் அடுக்கிப் பழகிய கை. பிறகு கம்ப்யூட்டர் வந்தது. அதை மட்டும் மெல்ல வேலைப் பெட்டியின் பக்கம் நகர்த்தினார்.

"வாய்விட்டுப் படிச்சிட்டுப் போடணும்னு நீங்கதான் சொன்னீங்க."

"மடியில் வைத்தபடியே..." என்று ஆரம்பித்தார். குரல் இறங்கியது. "...படுக்கையில் தூங்கிப்போகும் கம்ப்யூட்டர்."

கை அந்தரத்தில் நின்றது. மனிதர் திருட்டு வேலை செய்யலாம் என்றுதான் உட்கார்ந்தார். ஆனால் தப்பான பெட்டியில் ஒரு பொருள் கிடப்பதை அவரால் கண்கொண்டு பார்க்க முடியாது. அது அவருடைய பிறவிக் குணம். கம்ப்யூட்டர் படுக்கைக்குப் போனது. நாற்காலி துணிமணிக்கு. மேஜை, ஒரு பெருமூச்சோடு, சமையலுக்கு.

"ஆறுக்கு ஆறு" என்று மனைவி நோட்டில் எழுதிக்கொண்டாள். "இதுலயும் ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க. ஆபீசுக்குக் கொடுக்கணும்ல?"

ஆபீசுக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. அதுதான் கொடுமை. வீட்டில் சோதனை நடக்கிறது என்று மேலாளரிடம் முன்கூட்டியே மார்தட்டியவர் அவர்தான். வியாழக்கிழமை காலை அட்டைகளையும் நோட்டையும் மேலாளர் மேஜையில் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

மேலாளர் ஒரு அட்டையை எடுத்தார். எழுத்துக்கூட்டவில்லை. கடகடவென்று படித்தார். அடுத்ததை எடுத்தார். சிரித்தார். நாற்காலி அட்டை வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"என் வீட்டு நாற்காலியை யாரோ வந்து பார்த்துட்டுப் போய் எழுதின மாதிரி இருக்கே. யார் எழுதினது?"

"நான்தான் சார்."

"உங்க எழுத்தை ஒன்பது வருஷமா எழுத்துக்கூட்டிப் படிச்சிட்டிருக்கேன். இதை நான் மூச்சு விடாம படிச்சேன். யார்?"

"...வீட்டுல."

"என்ன பண்றாங்க?"

"தையல் வேலை சார்" என்றார் மெனு. வேலை என்ற சொல் தானாகவே வந்துவிட்டது.

மேலாளர் அட்டைகளை அடுக்கி வைத்தார். "நாம என்ன பிரிவு போட்டோம்? மரச்சாமான், உலோகம், கண்ணாடி. யார் தேடுவாங்க அப்படி? ஜனங்க ஒரு பொருளை எதுக்கு வச்சிருக்காங்களோ அந்தப் பேர்லதான் தேடுவாங்க. இந்தக் கடைக்கு எல்லாப் பிரிவுக்கும் அவங்களே பேர் வைக்கட்டும். சல்லடையில என்னென்ன கேட்கணும்கிறதையும் அவங்களே சொல்லட்டும். தினம் ரெண்டு மணி நேரம் போதும். சம்மதிப்பாங்களா?"

"கேட்டுப் பார்க்கிறேன் சார்."

"வீட்டுல அவங்களுக்குக் கதவு சாத்துற மாதிரி தனி ரூம் இருக்கா?"

மெனு நோட்டைப் பார்த்தார். தையல் மெஷின்: வேலை, ஆறுக்கு ஆறு. வேலை என்றால் சின்ன ரூம். கீழே அவருடைய கையெழுத்து.

"இருக்கு சார்."

"அப்ப அவங்க வீட்டுல இருந்தே பார்க்கட்டும். அவங்க எழுதி அனுப்புறதை இங்க கம்ப்யூட்டர்ல ஏத்த ஒரு ஆள் வேணும். நீங்க திங்கட்கிழமை எனக்கு எதிர் சீட்டுக்கு வந்துடுங்க."

சாயங்காலம் மெனு சின்ன ரூம் வாசலில் நின்று, உள்ளே போகாமலேயே, எல்லாவற்றையும் சொன்னார். மனைவி காலை மெஷினிலிருந்து எடுக்காமல் கேட்டாள். பல்லில் கடித்திருந்த நூலைத் துப்பினாள்.

"சரி, செய்யலாம். எனக்கு மேல யாரு?"

"மேலாளர்."

"எனக்குக் கீழ?"

"ஒருத்தர் இருக்கார்" என்றார் மெனு.

அவள் அவரை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தாள். அளவெடுக்கும்போது பார்க்கிற பார்வை.

"வேலை தெரிஞ்ச ஆளா?" என்றாள்.