வள்ளத்தில் ஏறிய டபுள் பெல்

நடுக்கடலில் நின்றுகொண்டு ‘படியில நிக்கப்பிடாது, உள்ள ஏறிப் போ!’ என்று கத்திய மனிதர் இந்தப் பூமியிலேயே ஒருவர்தான் இருக்க முடியும். அவர் எங்கள் பக்கத்துக்காரர் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் நிறைய முதுகுவலியும் உண்டு. நடுக்கடல் என்று சொன்னது சற்று மிகைதான், இடுப்பளவுத் தண்ணீர். ஆனால் நீச்சல் தெரியாதவனுக்கு இடுப்பளவும் நடுக்கடல்தான், இதில் என்னோடு யாரும் வாதாட வர வேண்டாம்.

அப்பா அம்மா வைத்த பெயர் பென்ஷன் ஆபீசுக்கு மட்டும் தெரியும். கேரள எல்லையோரம் பாறசாலையிலிருந்து அமரவிளை வரை அவர் டபுள் பெல். எங்கள் ஊர் பஸ்களில் கூரையோடு ஒரு கயிறு ஓடும், அதன் நுனியில் மணி. ஒன்று அடித்தால் நில். இரண்டு அடித்தால் போ. மூன்று அடித்தால் ‘வண்டி நிறைந்துவிட்டது, இனி எங்கும் நிற்காதே’ என்று அர்த்தம். கண்டக்டராக வேலை பார்த்த காலம் முழுக்க இவர் மூன்று மணி அடித்ததே கிடையாது. மூச்சு விட இடமில்லாத வண்டியிலும் ‘ஓராளுக்கு எடம் உண்டு மக்கா, உள்ள போ’ என்பார். போனால் உண்மையாகவே இடம் இருக்கும். எங்கிருந்து வந்தது என்று கேட்கக் கூடாது, அது யாரோ ஒருவருடைய விலா எலும்பாக இருக்கும்.

மற்ற வண்டிக்காரர்கள் மீன்கூடைப் பெண்களைக் கண்டால் நிற்காமல் போவார்கள். இவர் கூடையோடு ஏற்றுவார். மூக்கைப் பொத்திய பயணிகள் புகார் கொடுத்தார்கள். மேலதிகாரி கூப்பிட்டுத் திட்டினார். திட்டி முடிக்கும் வரை பொறுமையாக நின்றுவிட்டு, ‘சார் கொஞ்சம் தள்ளி இருந்தா அந்த பெஞ்சில இன்னும் ஓராளு இருக்கலாம்’ என்று சொல்லிவிட்டு வந்தார் என்பது கேள்வி. நான் நம்புகிறேன்.

ரிட்டையர் ஆனதும் வீட்டில் சிக்கல் ஆரம்பித்தது. அடுப்படியில் நிற்கும் மனைவியிடம் ‘முன்னால போ, முன்னால எடம் கெடக்குல்லா?’ என்பாராம். கல்யாண வீட்டுப் பந்தியில் இலை போட்டு உட்கார்ந்தவர்களை நெருக்கி உட்கார வைத்ததில், இரண்டு வீட்டாருக்கும் சண்டை வரப் பார்த்தது. அப்போதுதான் ஜெஸிந்தா அக்கா வந்தாள். அவர் பஸ்ஸில் கூடையோடு ஏறி ஏறியே பிள்ளைகளைப் படிக்க வைத்தவள்.

‘அண்ணே, வீட்டுல இருந்து அண்ணிக்க உயிரை எடுக்காம எங்கக்கூட வாருங்க. வள்ளம் ஒண்ணு எடுத்திருக்கோம். ஆளுவள ஒதுக்கி இருத்தத் தெரிஞ்ச ஒருத்தரு வேணும்.’

விஷயம் இதுதான். துறைமுகம் பெரிதானதிலிருந்து அங்கே போகும் ரோடு முழுக்க லாரி. கூடையோடு நிற்கிற பெண்களுக்கு எந்த வண்டியும் நிற்பதில்லை. அங்கே நடக்கும் காலை மீன் ஏலத்துக்குப் பிந்தினால் நல்ல மீன் போய்விடும், அன்றைய பிழைப்பும் போய்விடும். அதனால் பெண்கள் சேர்ந்து காயல் என்கிற உப்பங்கழி வழியாக வள்ளம், அதாவது நாட்டுப்படகு ஒன்றை ஓட்டினார்கள். துறைமுகத்தின் பெரிய வாயிலில் கப்பலும் விசைப்படகும் இடைவிடாமல் போகும். அங்கே சின்ன வள்ளம் தலை காட்ட முடியாது. அலை தடுக்கும் கல்சுவருக்குப் பின்புறமாக ஆழமில்லாத ஒரு நீர்வழி உண்டு. சால் என்பார்கள். சின்ன வள்ளங்களெல்லாம் அந்தச் சாலில்தான் உள்ளே நுழையும்.

நான் துறைமுகத்து ஐஸ் பேக்டரியில் கணக்கு எழுதுகிறவன். என் பைக்கும் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டே இருந்ததால் ‘என்னையும் ஏற்றுவீர்களா?’ என்று கேட்டேன். அன்று பிடித்தது சனி.

முதல் நாளே வள்ளத்தைப் பார்த்துத் திகைத்துப் போனேன். இரண்டு முனையிலும் மூங்கில் நட்டு, நடுவே கயிறு கட்டி, எஞ்சின் பக்கத்தில் மணி தொங்கியது. எஞ்சின் பிடிக்கும் தாசன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான்.

‘மாமா, இது வள்ளமாக்கும். பஸ் இல்ல.’

‘ஆளு ஏறினா எல்லாம் பஸ்ஸுதாம்லே. நீ மணி கேக்காம எடுக்காத.’

முன்பக்கம் பெண்கள், பின்பக்கம் ஆண்கள் என்று சட்டம் போட்டார். வந்தவர்கள் அத்தனை பேரும் பெண்கள். ஆணாக நான் ஒருவன். ஆகவே இருபது கூடைகளும் அவற்றின் சொந்தக்காரிகளும் முன்னால் நெருக்கியடித்து உட்கார, நான் மட்டும் பின்னால் எஞ்சின் புகையில் கல்யாண மாப்பிள்ளை மாதிரி தனியாக இருந்தேன். ‘அண்ணே, நானும் முன்னால வரட்டா?’ என்றால், ‘எலே ஐஸு, லேடீஸ் சீட்டுல கண்ணு வைக்கியா?’ என்று ஊர் கேட்கக் கத்தினார். அன்றிலிருந்து எனக்குப் பெயர் ஐஸு. என் மனைவிக்கும் அப்படித்தான்.

எனக்கு விளங்காத விஷயங்கள் அவரிடம் நிறைய இருந்தன. கண்டக்டர்கள் நிற்கிற மாதிரி ஆட்களைப் பார்த்துத்தான் நிற்பார். போகிற திசைக்கு முதுகு. தினமும் துறைமுகத்துக்குப் போனவர், அது வருவதை ஒரு நாளும் பார்த்ததில்லை. ஒரு தடவை எங்களுக்குப் பக்கவாட்டில் மலை உயரக் கப்பல் ஒன்று போனது. நாங்கள் வாயைப் பிளந்தோம். இவர் திரும்பாமலே ‘அது எக்ஸ்பிரஸ், நம்ம ஸ்டாப்புல நிக்காது’ என்றார்.

வழியில் ஒரு சாய்ந்த தென்னை உண்டு. கரையிலிருந்து தண்ணீருக்கு மேலே நீண்டு நிற்கும். பக்கத்தில் படகு அணைகிற கடவும் இல்லை, கடையும் இல்லை. அங்கே தினமும் ஒற்றை மணி அடிப்பார். வள்ளம் நிற்கும். கரையை உற்றுப் பார்ப்பார். பிறகு டபுள் பெல்.

‘அண்ணே, இங்க ஆரு ஏறப் போறாவ?’ என்று கேட்டேன்.

‘ஆராவது வந்தா?’

‘இதுவரை ஆரும் வரல்லியே.’

‘நாம நிக்காம போன அன்னைக்குத்தாம்லே வருவாவ.’

தினமும் நின்றோம். ஒரு காக்கை கூட ஏறவில்லை.

இனி மணல் திட்டுக்கு வருகிறேன். சாலின் நடுவில் தண்ணீருக்கடியில் ஒரு மணல் திட்டு. தண்ணீர் வற்றுகிற நேரத்தில் எல்லா வள்ளமும் அதில் இடிக்கும். ஆட்கள் இறங்கித் தள்ள வேண்டும். முதல் நாள் நாங்களும் இடித்து நின்றோம். தாசன் கழுக்கோல் என்கிற நீளக் கம்பை ஊன்றித் தம் பிடித்தான். அசையவில்லை. டபுள் பெல்லுக்குப் பொறுக்கவில்லை. வண்டி நின்றால் ஆட்கள் சரியாக நிற்கவில்லை என்பது அவருடைய சித்தாந்தம்.

‘எல்லாரும் பின்னால போங்க! முன்னால என்ன, பாயசமா வெளம்புது?’

பெண்கள் கூடையோடு எழுந்து பின்னால் வந்தார்கள். முன்முனை தானாக உயர்ந்து மணலின் மேல் ஏறியது. பாதி ஏறி நின்றது. ‘இனி முன்னால போங்க! முன்னால எடம் கெடக்கு!’ எல்லாரும் முன்னால் ஓட, பின்முனை தூக்கிக்கொண்டு வள்ளம் வழுக்கி அந்தப் பக்கம் இறங்கிவிட்டது. தாசன் கம்பைப் பிடித்தபடி அப்படியே நின்றான். எடை மாறியதுதான் காரணம் என்று நான் இரண்டு நாள் யோசித்துக் கண்டுபிடித்து அவரிடம் விளக்கினேன். ‘எடையும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. ஆளுவ ஒதுங்கி நின்னா வண்டி போவும்’ என்றார். அதன்பிறகு தினமும் அந்த இடத்தில் பின்னால் ஓட்டம், முன்னால் ஓட்டம். என் முதுகுவலியின் தோற்றுவாய் இதுவே.

பிறகு வந்தது சோதனை. ஆட்களை ஏற்றிக்கொண்டு சாலில் வள்ளம் போவது ஆபத்து, நிறுத்த வேண்டும் என்று பேச்சு வந்தது. ஓர் ஆபீசர் வள்ளத்தில் வந்து பார்ப்பார், தடையில்லாமல் உள்ளே போனால் அனுமதி, மணலில் மாட்டினால் அன்றோடு சரி என்றார்கள். அன்று காலை கடவில் ஏறும்போது ஜெஸிந்தா அக்கா சொன்னாள்: ‘இது நிண்ணு போனா நான் கூடைய எங்க கொண்டு எறக்குவேன் அண்ணே? ரோட்டுல ஒரு வண்டியும் நிக்காது.’ டபுள் பெல் கயிற்றை ஒரு தடவை இழுத்துப் பார்த்துக்கொண்டார்.

ஆபீசர் நல்ல ஆகிருதி. தரையில் உட்கார மாட்டார் என்று யாரோ பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து முன்முனையில் போட்டார்கள். ராஜா மாதிரி அமர்ந்தார். வள்ளம் மூக்கைத் தண்ணீரில் குத்திக்கொண்டு கிளம்பியது. நேராகப் போய் மணலில் இடித்தது.

‘எல்லாரும் பின்னால போங்க!’

எல்லாரும் வந்தோம். ஆபீசர் மட்டும் நாற்காலியில்.

‘சார், ஒண்ணு பின்னால...’ என்று இழுத்தான் தாசன்.

‘ஞான் எந்தினா எணீக்குன்னது? நிங்ஙள் வண்டி ஓடிக்கூ’ என்றார். நான் ஏன் எழுந்திருக்க வேண்டும், ஓட்டுவது உங்கள் வேலை.

தாசன் பின்னெடுத்து மறுபடி மோதினான். இடி. இன்னொரு தடவை. இடி. தண்ணீர் வற்றிக்கொண்டே இருந்தது. பெண்கள் பின்னால் குவிந்து நின்றார்கள். ஜெஸிந்தா அக்காவின் உதடு மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. ஆபீசர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, ‘மதி’ என்றார். போதும், திரும்பலாம்.

அப்போது டபுள் பெல்லின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. வள்ளத்தில் அதுவரை கேட்டதில்லை. அது பஸ் சத்தம். காலை நேரத்து, கல்லூரிப் பிள்ளைகள் படியில் தொங்குகிற (எங்கள் பேச்சில் ‘தூங்குகிற’), டயர் தேய்கிற பஸ்ஸின் சத்தம்.

‘எலேய்! படியில தூங்குதவனே! உள்ள ஏறிப் போலே! பின்னால ஓராளுக்கு எடம் உண்டு!’

ஆபீசர் துள்ளி எழுந்தார். மூளை முடிவெடுக்கும் முன் கால் ஓடிவிட்டது. நாற்காலியைக் கையில் தூக்கிக்கொண்டு, குனிந்து, எங்கள் எல்லாருக்கும் நடுவே நுழைந்து, என் காலை மிதித்துக்கொண்டு நின்றார். முன்முனை உயர்ந்தது. ‘இனி முன்னால!’ என்றதும் முதலில் ஓடியவரும் அவர்தான். வள்ளம் வழுக்கி இறங்கியது. பெண்கள் போட்ட கூச்சலில் கல்சுவரில் இருந்த கொக்கெல்லாம் பறந்தது.

ஆபீசர் மூச்சு வாங்கியபடி டபுள் பெல்லை உற்றுப் பார்த்தார். மலையாளம் போய்விட்டது.

‘அண்ணே... நீங்க ஒற்றசேகரமங்கலம் வண்டியில உள்ள டபுள் பெல்லாக்குமா?’

‘ஆமா. நீ ஆருலே?’

‘நான் படியில தூங்குதவன்தான்.’

‘மூணு வருசம் ஒன்ன உள்ள தள்ளினேன். இப்பமும் முன்னாலதான் இருக்கியா?’

அனுமதி கிடைத்தது. லைஃப் ஜாக்கெட் எத்தனை உண்டோ அத்தனை பேர்தான் ஏற வேண்டும் என்று கண்டிப்பான நிபந்தனையோடு. டபுள் பெல் சட்டத்தை மீறவில்லை. ஆனால் எப்போதும் ஒரு ஆள் குறைவாகவே ஏற்றினார். மிஞ்சிய ஒரு ஜாக்கெட் மூங்கிலில் தொங்கும். ‘வழியில ஆராவது ஏறினா?’

போன மழைக்காலத்தோடு அவருடைய முட்டு இரண்டும் மக்கர் செய்தன. ஆபரேஷன் முடிந்து மகள் வீட்டில் இருக்கிறார், இனி வரமாட்டார் என்றார்கள். இதற்கிடையில் அந்த நீர்வழியைத் தோண்டி மணல் திட்டையும் எடுத்துவிட்டார்கள். வள்ளம் இடிப்பதே இல்லை. ஆனாலும் அந்த இடம் வந்தால் நாங்கள் எழுந்து பின்னால் போவோம், பிறகு முன்னால் போவோம். புதிதாக வந்த பெண் ஒருத்தி ‘எதுக்கு?’ என்றாள். ‘போ மக்ளே, போ’ என்றாள் ஜெஸிந்தா அக்கா. கயிறு என் கைக்கு வந்தது. அந்த ஜாக்கெட்டை யாரும் தொடவில்லை. நிஜமாகவே சொல்கிறேன், காலையில் அவர் குரல் கேட்காமல் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள். வள்ளம் நிறைய ஆள், நல்ல அவசரம். சாய்ந்த தென்னை வந்தது. தாசன் என்னைப் பார்த்தான். நான் ஒற்றை மணி அடித்தேன். வள்ளம் நின்றது.

தென்னைக்கடியில் காக்கிச் சட்டை போட்டு, ஊன்றுகோலோடு, பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓர் ஆள் நின்றிருந்தார்.

‘மகளுக்க வீடு இங்கினதாம்லே’ என்றார். ‘கடவு வரைக்கும் நடக்கக் கழியாது. ஸ்டாப்புல நிப்பிய இல்லியான்னு பாக்க வந்தேன்.’

யாரும் சொல்லாமலே வள்ளம் மொத்தமும் எழுந்து ஒதுங்கியது. தாசன் கையைப் பிடித்து ஏற்றினான். ஜெஸிந்தா அக்கா அந்த ஜாக்கெட்டை எடுத்து அவருக்கு மாட்டி, பிள்ளைக்குப் போடுவது மாதிரி கொக்கிகளைப் போட்டுவிட்டாள். உட்கார வைத்ததும் வாழ்க்கையில் முதல்முறையாகப் போகிற திசையைப் பார்த்து உட்கார்ந்தார்.

நான் கயிற்றை இழுத்தேன். ஒன்று. இரண்டு. மூன்று.

சட்டென்று திரும்பினார். ‘எலே ஐஸு! என்னத்துக்கு மூணு அடிச்சே? பின்னால ஓராளுக்கு...’

‘இல்ல அண்ணே’ என்றேன். ‘நீங்க ஏறியாச்சு. வண்டி நெறைஞ்சாச்சு.’