ஒரு சாண் தள்ளி

அபி எறிந்த பந்து இந்த முறையும் கேட்சரின் கிளவுஸுக்கு ஒரு சாண் தள்ளித்தான் போனது.

பி.டி. சார் ஸ்டான்லி பெருமூச்சு விட்டார். மலையில் மேகம் இறங்கி, மைதானம் முழுக்கச் சாரல் மிதந்துகொண்டிருந்தது. இப்படிப்பட்ட வேளையில் தூக்கம் வரலாம், கனவு வரலாம். பேஸ்பால் அணிக்கு ஆள் எடுக்கிறவர் மட்டும் வரக்கூடாது. வந்துவிட்டார். லிங்கேஸ்வரன் என்று பெயர். குடையும் நாற்காலியுமாக உட்கார்ந்திருந்தார்.

அபியைக் கண்டுபிடித்ததே ஸ்டான்லிதான். குற்றாலத்தில் அருவிக்குப் போகும் வழியில் அவள் அம்மா மாரித்தாயின் சிப்ஸ் கடை. பாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு போய் வேலியோரம் குந்திய குரங்கைப் பார்த்து அபி ஒரு கல் விட்டாள். கல் அதன் காதுக்குப் பக்கமாகப் போய் வேலிக் கம்பியில் ‘ணங்’ என்றது. குரங்கு பாக்கெட்டைப் போட்டுவிட்டு ஓடியது. என்ன வேகம், ஒரு சாண்தான் தப்பிவிட்டது, அதைச் சரிசெய்துவிட்டால் மாநில அணி என்று ஸ்டான்லி அங்கேயே சொக்கிப்போனார்.

“இன்னைக்குத் தேறலேன்னா இனி கடைதான். சீசன் நேரம் பாத்துக்கோ” என்று மாரித்தாய் மகளிடம் கறாராகச் சொல்லியிருந்தாள். கையோடு கூட்டிப்போகவே வந்து வேப்பமரத்தடியில் நின்றாள். அபிக்குக் காலையிலிருந்து சோறு இறங்கவில்லை.

ஸ்டான்லி செல்போனில் ஸ்லோ மோஷன் போட்டுப் பார்த்தார். அபியின் கை மெல்ல எழுந்தது. சடை மெல்லப் பறந்தது. பந்து சாரலுக்குள் நீந்திப் போனது. அந்த அழகில், எதற்காகப் பார்க்கிறோம் என்பதே அவருக்கு மறந்துபோனது.

“சார், என்ன தப்பு?”

“ஆங்... முழங்கை எறங்குதுட்டி. தூக்கிப் போடு.”

தூக்கிப் போட்டாள். பந்து வேப்பமரத்துக்குள் போய், ஒரு காகம் கோபமாக வெளியே வந்தது.

“முன்னங்கால நேரா வையி.”

பந்து தண்ணீர்க் குடத்தைச் சாய்த்தது.

“மணிக்கட்டத் திருப்பாத.”

பந்து லிங்கேஸ்வரனின் குடையை மடக்கியது.

“நீரு சொல்லிக்குடுக்கத மொதல்ல நிப்பாட்டும்வே” என்றார் அவர், முகத்தைத் துடைத்தபடி. “ஏம்மா, நீ ஒம் பாட்டுக்குப் போடு.”

அபி தன் பாட்டுக்குப் போட்டாள். எல்லாம் நல்ல வேகம். எல்லாம் அதே ஒரு சாண் தள்ளி.

“வேகம் இருக்கு, குறி இல்லையே” என்று லிங்கேஸ்வரன் எழுந்தார்.

அபியின் கண் கலங்கியது. ஸ்டான்லிக்கும்தான்.

மாரித்தாய் மைதானத்துக்குள் வந்தாள். மகளின் முகத்தைப் பார்த்தாள். பிறகு, முகமூடி போட்டுக் குந்தியிருந்த கேட்சர் ஷாரோனைப் பார்த்தாள்.

“சார், அந்தப் பிள்ளைய எந்திரிச்சு நிக்கச் சொல்லுங்க.”

ஷாரோன் எழுந்து நின்றாள். அபி எறிந்தாள். பந்து கிளவுஸின் நடுவில் பொத்தென்று விழுந்தது. அடுத்ததும் அப்படியே. கிளம்பிய லிங்கேஸ்வரன் திரும்பி வந்து, அபியின் முழுப்பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார்.

“எப்படிக்கா இது?” என்றார் ஸ்டான்லி.

“குத்தவச்சு உக்காந்திருந்தா மேல படாம, பக்கத்துல போட்டுத்தான் வெரட்டணும்னு சின்னதுலருந்தே சொல்லி வளத்திருக்கேன் சார். அனுமாரு மேல கல்லு படலாமா?”